ஒரு கையால் போடும் கட்டு

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரி மெஷின்களுக்கு வயர் கட்டித் தரும் கம்பெனி. இப்படிச் சொன்னால் பலருக்கும் புரிவதில்லை. நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் காட்டிக்கொண்டு ஒரு மானிட்டர் இருக்குமே, அதிலிருந்து நோயாளியின் உடம்புக்கு வரும் வயர்களையும் காற்றுக் குழாயையும் ஒன்றாகச் சேர்த்து, சிக்காமல் கட்டி, சோதித்து அனுப்புவது எங்கள் வேலை. நான் குடியிருக்கும் லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பாலிமர் டிப்ளமோ முடித்த சூட்டோடு அங்கே சேர்ந்தவள், இப்போது டிசைன் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பிரிவு என்றால் நானும் ஒரு கம்ப்யூட்டரும்தான்.

வயர்களைக் கட்ட நாங்கள் பயன்படுத்தியது எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் அதே நைலான் கேபிள் டை. ஒரு முனையை மறுமுனையின் துளைக்குள் விட்டு இழுத்தால் கிர்ரென்று பல் பல்லாக இறுகும். பிறகு பின்னால் வராது. மீந்த வாலைக் கட்டரால் நறுக்கிவிடுவோம். ஒரு கற்றைக்கு எத்தனை டை, எவ்வளவு இடைவெளி, எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்கும். அந்த வரைபடத்தை வரைந்தவள் நான். கீழே வலது மூலையில் என் கையெழுத்து. ஏழெட்டு வருஷமாக அதில் ஒரு கோடு கூட நான் மாற்றியதில்லை. மாற்ற வேண்டும் என்று யாரும் சொன்னதுமில்லை.

ஒரு மழைக்காலத்தில் பிரேசர் டவுன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து புகார் வந்தது. ஆக்ஸிஜன் அளவு காட்டும் வயர் விட்டுவிட்டு வேலை செய்கிறது, உடனே ஆளை அனுப்பவும் என்று இரண்டு வரி. போக வேண்டிய சர்வீஸ்காரர் ஊரில் இல்லை. முதலாளி என்னைப் போகச் சொன்னார். அத்தனை வருஷத்தில் நாங்கள் கட்டிய வயர் ஒரு நோயாளியின் உடம்பில் இருப்பதை நான் ஒருமுறை கூட நேரில் பார்த்ததில்லை என்பது, செருப்பைக் கழற்றிவிட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் தள்ளியபோதுதான் எனக்கு உறைத்தது.

அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான நர்ஸ் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். கோலார் தங்கவயல்காரர். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

"நீங்கதான் வயர் கம்பெனியா?"

"ஆமா சிஸ்டர்."

"தமிழா? நல்லதாப் போச்சு. இங்கிலீஷ்ல திட்டுனா எனக்குத் திருப்தியாவே இருக்காது."

ஆனால் அவர் திட்டவில்லை. காலியாக இருந்த ஐந்தாம் படுக்கைக்கு என்னை அழைத்துப்போய் நடந்ததைச் சொன்னார். அந்தப் படுக்கையில் ஓர் ஆட்டோ டிரைவர் நிமோனியாவோடு இருந்திருக்கிறார். ஆக்ஸிஜன் இறங்குகிறது என்று மூன்று நாளாக மானிட்டர் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

"ஓடிப்போய்ப் பார்த்தா ஆள் நல்லா சாஞ்சு உக்காந்து இட்லி சாப்பிட்டுட்டு இருப்பாரு. கிளிப்ப மாத்துனோம், விரல மாத்துனோம், எல்லாம் பண்ணோம். மறுபடி கத்தும். நாலாவது நாள் மத்தியானம் கத்துனப்ப எங்க ஸ்டாஃப் ஒருத்தி அலாரத்த அமுக்கிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டா. நான் யதேச்சையா இந்தப் பக்கம் வந்தேன். அவரு உதட்டப் பார்த்தேன். நீலமா இருந்துச்சு."

"இப்ப எப்படி இருக்காரு?"

"பொழச்சிட்டாரு. ஜெனரல் வார்டுக்கு மாத்தியாச்சு. நேத்து பாத்ரூம் வரைக்கும் தானே நடந்தாரு. ஆனா மேடம், அன்னிக்கு மிஷின் சொன்னது நெஜம். மூணு நாளா பொய் சொல்லி சொல்லி, நெஜம் சொன்னப்ப யாரும் நம்பல."

பிறகு மற்ற படுக்கைகளைக் காட்டினார். எல்லாவற்றிலும் எங்கள் நைலான் கட்டுகளை வெட்டி எறிந்துவிட்டு, பழைய ரப்பர் கையுறையின் மணிக்கட்டுப் பகுதியை வளையம் வளையமாக நறுக்கி, அதனால் வயர்களைக் கட்டி வைத்திருந்தார்கள். ஐந்தாம் படுக்கைக்கு மட்டும் அது செய்யாமல் விட்டுப்போயிருந்தது.

"ஏன் வெட்டுனீங்க?" என்று கேட்டேன். அவர் தன் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். மெல்லிய கீறல்கள், சிலது ஆறியது, சிலது புதுசு. நாங்கள் நறுக்கிவிட்ட நைலான் வாலின் முனை பிளேடு மாதிரி இருக்கும். "எங்க கையவிடுங்க. பேஷண்ட் தோல் எல்லாம் பேப்பர் மாதிரி இருக்கும். பட்டாலே கிழியும்."

வயரில் எங்கே கோளாறு என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. வெளியே பார்த்தால் ஒரு சுருக்கம் கூட இல்லை. நான் கற்றையை உள்ளங்கையில் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தேன். அவர் ரத்த அழுத்தப் பட்டையை எடுத்துத் தன் கையிலேயே சுற்றிக்கொண்டு, "ஓடவிட்டுப் பாருங்க" என்று மானிட்டரைத் தட்டினார். பம்ப் முனகியது. பட்டைக்குக் காற்று போகும் குழாய் என் கைக்குள் விறைத்து, லேசாகப் பருத்தது. நைலான் கட்டு இருந்த இடத்தில் பருக்க இடமில்லை. அங்கே குழாய்க்கும் கட்டுக்கும் நடுவே மெல்லிசாக ஓடிய ஆக்ஸிஜன் வயர் அப்படியே நசுங்குவது என் கட்டைவிரலுக்குத் தெரிந்தது. காற்று இறங்கியதும் மறுபடி தளர்ந்தது.

"இது எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவ ஓடும் சிஸ்டர்?"

"கால் மணிக்கு ஒருக்கா. சில பேஷண்ட்டுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா."

எங்கள் சோதனை அறையில் அந்தக் கற்றையை இழுத்துப் பார்ப்போம், மடக்கிப் பார்ப்போம், மின்சாரம் விட்டுப் பார்ப்போம். குழாய்க்குள் காற்று விட்டுப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கே தோன்றியதில்லை.

பழுதான கற்றையைப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குத் திரும்பி, கட்டு இருந்த இடத்தில் வயரின் தோலைப் பிளந்து பார்த்தேன். உள்ளே தலைமுடி போன்ற செம்பு இழைகள் பாதிக்கு மேல் அறுந்திருந்தன. மீதி இழைகள் தொட்டால் தொட்டன, விட்டால் விட்டன.

*

மறுநாள் முதலாளியின் மேஜைமேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய பதில் தயாராக இருந்தது. நான் வந்து சொன்னதை வைத்து விற்பனைப் பிரிவில் எழுதியிருந்தார்கள். எங்கள் கட்டுகளை அகற்றிவிட்டு வார்டு ஊழியர்கள் கையுறைத் துண்டுகளால் கட்டியிருப்பது கண்டறியப்பட்டது, பழுதுக்குக் காரணம் தவறான கையாளுதல் என்று சுருக்கமாக, சுத்தமாக இருந்தது. கீழே என் பெயர் டைப் செய்யப்பட்டிருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"போட்டுட்டு அனுப்பிடுங்க மேடம்" என்றார் முதலாளி. அவர் கன்னடக்காரர், நாங்கள் கன்னடத்தில்தான் பேசிக்கொள்வோம். கெட்ட மனிதர் கிடையாது. அன்று அவருக்கு இன்னும் நாலு வேலை இருந்தது, அவ்வளவுதான்.

அந்தத் தாளை என் இருக்கைக்கு எடுத்துவந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காரணம் சொன்ன கடைசி வரியைத் தவிர அதில் எழுதியிருந்த எல்லாம் உண்மை. கட்டுகளை வெட்டினார்கள், உண்மை. கையுறையால் கட்டினார்கள், உண்மை. ஆனால் வெட்டாமல் விட்ட படுக்கையில்தான் வயர் அறுந்தது என்ற ஒன்று மட்டும் அதில் இல்லை. அந்தக் கடிதம் போனால் நிர்வாகம் அந்த நர்ஸைக் கூப்பிட்டு விசாரிக்கும். அலாரத்தை அமுக்கிய ஸ்டாஃபைக் கூப்பிடும். போகாவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைத்து என்ன பயன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூடி வைத்தேன்.

மத்தியானம் வேறொரு தாளில் பதிலை நானே எழுதினேன். காற்றுக் குழாய் பருக்கும்போது எங்கள் கட்டு இளகாததால் வயர் நசுங்கி உள்ளே அறுந்திருக்கிறது. இது வடிவமைப்பில் உள்ள குறை. ஊழியர்கள் போட்ட கையுறைக் கட்டுகளால் மற்ற வயர்கள் தப்பித்திருக்கின்றன. இதை எழுதும்போது 'வடிவமைப்பில் உள்ள குறை' என்ற இடத்தில் பேனா ஒரு நிமிஷம் நின்றது. பிளந்த வயரையும் தாளோடு சேர்த்துக் கொண்டுபோய் முதலாளி முன்னால் வைத்தேன்.

அவர் படித்தார். வயரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது உங்க டிராயிங்தானே?"

"ஆமா சார்."

"உங்க மேலேயே நீங்க எழுதிக்கறீங்க."

"நடந்தது அதுதான் சார். இல்லேன்னா இதே கட்டு இன்னும் எத்தனை ஆஸ்பத்திரியில இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க."

அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது. அது நின்று அடங்கியது. பிறகு கேட்டார்: "சரி. கட்டாம அனுப்ப முடியாது. வேற எதால கட்டப் போறீங்க?"

கோபமாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையாகக் கேட்டதாகவே எடுத்துக்கொண்டேன். என் கடிதம்தான் போனது.

*

இளகும் கட்டு வேண்டும் என்பது தெளிவு. குழாய் பருத்தால் கூடவே விரிய வேண்டும், காற்று இறங்கினால் கூடவே சுருங்க வேண்டும், கூர்மையான வால் இருக்கக் கூடாது. கையுறை ரப்பர் அதைச் செய்தது. ஆனால் ஒரு வாரத்தில் பிசுபிசுத்து அறுந்துவிடும், சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. சிலிகான் என்றால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் ஒன்றும் ஆகாது. அது வரைக்கும் என் படிப்பே போதுமாக இருந்தது.

முதலில் வெறும் வளையமாகச் செய்தேன். வயரின் முனையில் இருக்கும் பிளக் அதற்குள் நுழையவில்லை. நுழையும் அளவுக்குப் பெரிதாக்கினால் கட்டவில்லை. அடுத்ததாக ஒரு பட்டி. ஒரு முனையில் காளான் மாதிரி ஒரு குமிழ், மறுமுனையில் வரிசையாகத் துளைகள். சுற்றி, இழுத்து, குமிழைத் துளைக்குள் அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். தாளை வெட்டுவது மாதிரி சிலிகான் ஷீட்டை வெட்டி, குமிழை ஒட்டி, பத்துப் பட்டி செய்து எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அந்த நர்ஸ் ஒரு வயதானவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊசி ஏறியிருந்த கை; பெரியவர் உதறி உதறி அதைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொடுங்க, போட்டுப் பாக்கறேன்" என்று நர்ஸ் வலது கையை நீட்டினார். பட்டியை வயர்கள்மேல் சுற்றினார். இழுத்தார். ஒரு முனை நழுவியது. மறுபடி சுற்றினார். மறுபடி நழுவியது. மூன்றாவது முறை பட்டி தரையில் விழுந்தது.

"இடது கையால அந்த முனையப் பிடிச்சுக்கிட்டா வரும் சிஸ்டர்" என்றேன்.

"எந்த இடது கை?" என்றார். அவருடைய இடது கை பெரியவரின் மணிக்கட்டில் இருந்தது. "அழகாத்தான் இருக்கு மேடம். ஆனா இதப் போட ரெண்டு பேர் வேணும். எனக்கு எப்பவும் ஒரு கைதான். இன்னொரு கை பேஷண்ட்டோடது."

நான் கீழே குனிந்து பட்டியை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். நான் கிளம்பும்போது, "அக்கா, சும்மா சொல்லல, ரப்பர் நல்லா இருக்கு. விட்டுடாதீங்க" என்றார். மேடம் அக்காவானது அன்றுதான்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் தனியாகக் கோயிலுக்குப் போனார். தலைவலி என்று சொல்லி நான் போகவில்லை. அவர் போனதும் துப்பட்டாவால் என் இடது கையை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தேன். முருங்கைக்காய் நாலு, போன் சார்ஜர் இரண்டு, இயர்போன் ஒன்று. முருங்கைக்காய் கிட்டத்தட்ட அந்தக் காற்றுக் குழாயின் தடிமன். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கையால் கட்டிப் பார்த்தேன். முட்டியில் அழுத்திப் பார்த்தேன், மோவாயில் இடுக்கிப் பார்த்தேன், மிக்ஸிக்கு அடியில் ஒரு முனையைச் செருகிப் பார்த்தேன்.

கோயில் விட்டு அவர் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதற்கும் சட்டென்று பதறமாட்டார்.

"கைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. கட்டி வச்சிருக்கேன்."

"யாரு கட்டுனா?"

"நானேதான்."

அவர் பைபிளை ஃபிரிட்ஜ்மேல் வைத்துவிட்டு என் எதிரில் மெல்ல உட்கார்ந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, தன் இடது கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, "எங்க, கொடு" என்றார். சுற்றினார். நழுவியது. இரண்டாவது முறை பட்டியின் முனையை வாயில் கவ்விக்கொண்டு இழுத்தார். குமிழ் கச்சிதமாக உட்கார்ந்தது.

"பாரு!" என்றார், பல்லுக்கு நடுவில் சிலிகானோடு.

நானும் அன்று காலையிலிருந்து நாலைந்து தடவை அதையே செய்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "எல்லாரும் வாய்க்குத்தான் கொண்டுபோறோம். அவங்க வாய் மாஸ்க்குக்குள்ள இருக்கே."

"அப்ப கவ்வுறதுக்கு வேற ஏதாவது வேணும்" என்றார் அவர்.

இருவரும் கொஞ்ச நேரம் அந்த முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு முனையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். நர்ஸால் முடியாது. அப்படியென்றால் பட்டியே எதையாவது கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். கற்றையில் தடிமனாக, உறுதியாக இருப்பது காற்றுக் குழாய் ஒன்றுதான். நான் சொல்லச் சொல்ல, அவர் பின்பக்கம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பழைய பைப்பிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்து வந்து, நெட்டுவாக்கில் ஒரு கீறல் போட்டார். முருங்கைக்காய்மேல் வைத்து அழுத்தியதும் அது டப்பென்று ஏறி உட்கார்ந்துகொண்டது. உதறினாலும் விழவில்லை. அதன்மேல் பட்டியின் ஒரு முனையை ஃபெவிக்விக்கால் ஒட்டினேன். இப்போது கவ்விய இடத்தில் அது நின்றது. நான் மற்ற வயர்களைச் சேர்த்து, பட்டியைச் சுற்றி இழுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். ஒரே கை.

மறுபடி செய்தேன். மறுபடியும் வந்தது. அவரும் செய்தார். என் கையை அவிழ்த்துவிடச் சொன்னபோது, "இன்னும் ஒரு தடவ பண்ணிட்டு அவுக்கறேன்" என்று முருங்கைக்காயை என் பக்கம் தள்ளினார். அன்று மத்தியானம் தயிர் சாதமும் ஆம்லெட்டும்தான். அந்த முருங்கைக்காயைக் குழம்பில் போட எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. பசை வேறு ஒட்டியிருந்தது.

*

பட்டியை வார்க்க அச்சு செய்துகொடுத்தவர் பிரேசர் டவுனில் ஒரு சந்துக்குள், வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு மெஷின் போட்டுத் தனியாக வேலை பார்க்கும் பாய். வீட்டில் உருது, கடையில் தமிழும் கன்னடமும். என் வரைபடத்தைக் கையில் வாங்கியதுமே தலையை ஆட்டினார்.

"இது கிழியும் மேடம்."

"எங்க?"

"இதோ, ஓட்டைக்கு மூலை வச்சிருக்கீங்க. மூலை இருந்தா அங்கேருந்து சர்ருனு போயிடும். ஜரா, கொஞ்சம் என் பெல்ட்டப் பாருங்க. ஓட்டை உருண்டையா இருக்கா? சுத்தி கரை கட்டியிருக்கா?"

அதே மாதிரி மாற்றினோம். துளையை நீள்வட்டமாக்கி, சுற்றிலும் உதடு மாதிரி ஒரு தடிப்பு வைத்தோம். முதல் அச்சில் வந்தது இருபது இழுப்புக்கூடத் தாங்கவில்லை. தடிப்பைக் கூட்டினார். அதில் கவ்வும் பகுதி விறைப்பாகப் போய்விட்டது. அதை மட்டும் மெலிசாக்கினார். ஒரு தடவை கூட அலுத்துக்கொள்ளவில்லை. நான் சங்கடப்பட்டு ஏதோ சொன்னபோது, "ஆஸ்பத்திரி சாமான் மேடம். என்னிக்காவது நானும் அங்க படுப்பேன். எனக்குப் போடப் போறத நல்லாத்தானே செய்யணும்?" என்று சிரித்தார்.

வார்டுக்குக் கொண்டுபோன முதல் தொகுதியை நர்ஸ் ஒரே கையால், கையுறையோடு, என்னைப் பார்த்துக்கொண்டே போட்டார். நான் மூச்சு விட்டேன். ஆனால் நான்கு நாளில் போன் வந்தது.

"அக்கா, கட்டு சூப்பர். ஆனா போர்வையில இருக்கற பஞ்சு, தலமுடி, எல்லாத்தையும் இழுத்து ஒட்ட வச்சுக்குது. பார்க்க கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கு. டாக்டர் ரவுண்ட்ஸ்ல கேக்கறாரு. அப்புறம் இன்னொண்ணு. வெள்ளையா வேணாம். பெட்ஷீட்ல விழுந்தா தெரியல. பேஷண்ட் முதுகுக்கு அடியில போயிட்டா அதுமேலயே படுத்துப் படுத்துப் புண்ணாயிடும்."

பளபளப்பாக இருந்தால்தான் ஒட்டும் என்றார் பாய். அச்சின் உட்புறத்தை மணல் அடித்துச் சொரசொரப்பாக்கினார். பட்டிகள் மங்கலாக, தொட்டால் மாவு பூசியதுபோல வந்தன. பஞ்சு ஒட்டவில்லை. நிறம் ஆரஞ்சு. வார்டில் வேறெந்த வயருக்கும், எந்த மருந்துக்கும் அந்த நிறம் இல்லை என்று நர்ஸே பார்த்துச் சொன்னார்.

இதற்கிடையில் கம்பெனியில் ஒரு பழைய அழுத்தப் பட்டையையும் பம்பையும் வைத்து, நாள் முழுக்கக் காற்று ஏறி இறங்குவதுபோல ஒரு சோதனை மேஜை அமைத்தேன். நைலான் கட்டுப் போட்ட கற்றை ஒருபுறம், ஆரஞ்சுக் கட்டுப் போட்டது ஒருபுறம். பம்பின் முனகலை என் பக்கத்து அறைக்காரர்கள் சகித்துக்கொண்டார்கள். நைலான் பக்கம் இரண்டாவது வாரமே வயர் விட்டுவிட்டு வேலை செய்தது. ஆரஞ்சுப் பக்கம் ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் ஆகவில்லை. முதலாளி தினமும் காலையில் வந்து மேஜையருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். ஒருநாள் ஆரஞ்சுக் கட்டு ஒன்றை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் அவருடைய லேப்டாப் வயரில் அது இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

*

ஆஸ்பத்திரி நிர்வாகம் அனுமதி கொடுத்த பிறகு, அந்தப் பிரிவின் எல்லாப் படுக்கைகளிலும் புதுக் கட்டோடு வந்த கற்றைகளைப் போட நான் ஒரு காலையில் போயிருந்தேன். ஸ்டாஃப் நர்ஸ்களுக்கு எப்படிப் போடுவது என்று காட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் மட்டும் கடைசியில் கைகட்டி நின்றாள். மற்றவர்கள் கலைந்த பிறகு என்னிடம் வந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"அன்னிக்கு அலாரத்த ஆஃப் பண்ணது நான்தான்." "அதுக்கப்புறம் எந்த அலாரம் அடிச்சாலும் ரெண்டு தடவ ஓடிப்போய்ப் பாக்கறேன். லீவ்ல இருந்தாலும் காதுல கேக்குது. எல்லாரும் ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்க. நீங்க வயரப் பிரிச்சுப் பார்த்தீங்களாமே. நெஜமாவே அதுல கோளாறு இருந்துச்சா, இல்ல எனக்காக சிஸ்டர் அப்படிச் சொல்றாங்களா?"

என் போனில் அந்தப் பிளந்த வயரின் படம் இருந்தது. எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினேன். அறுந்த இழைகளை அவள் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"வெளிய இருந்து பார்த்தா யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியல. இத அறுத்தது எங்க கட்டு. அத வரைஞ்சது நான்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், பட்டிருந்தாலும் நியாயம்தான். அவள் மாஸ்க்கை மூக்கின்மேல் சரியாக அழுத்திவிட்டுக்கொண்டு, "அப்ப உங்களுக்கும் தூக்கம் வந்திருக்காது" என்றாள்.

"வரல."

"இத எங்க போடணும், காட்டுங்க."

ஐந்தாம் படுக்கையில் அன்று ஒரு நடுவயதுப் பெண் இருந்தார். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியாமல் கையை அசைத்துக்கொண்டே இருந்தார். அவள் அந்தக் கையைத் தன் இடது கையால் பற்றிக்கொண்டாள். வலது கையால் கவ்வியைக் குழாய்மேல் அழுத்தினாள், வயர்களை ஒன்றுசேர்த்தாள், பட்டியைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்தினாள். இத்தனையையும் செய்யும்போது அவள் கண் நோயாளியின் முகத்தைவிட்டு நகரவில்லை. பம்ப் முனகிக் குழாய் பருத்தது. ஆரஞ்சுக் கட்டு சற்றே விரிந்து, மெல்லச் சுருங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்குப் பார்க்க நேரமில்லை. அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள்.

இப்போது எங்கள் கம்பெனியிலிருந்து போகும் கற்றைகள் எல்லாமே இந்தக் கட்டோடுதான் போகின்றன. முன்பே எங்களிடம் வாங்கியிருந்த ஆஸ்பத்திரிகளுக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டோம்; முதலாளியே ஒவ்வொன்றுக்கும் போன் செய்து பேசினார். வரைபடம் புதிது. வலது மூலையில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில், 'வார்டில் சோதித்தவர்' என்று ஒரு கட்டம் புதிதாக வைத்து அந்த நர்ஸின் கையெழுத்தையும் வாங்கினேன். அவர் அதைப் போன் கேமராவில் படமெடுத்துக் கோலாரிலிருக்கும் தன் அப்பாவுக்கு அனுப்பினார். "என்னம்மா, இஞ்சினீயர் ஆயிட்டியா" என்று அப்பா கேட்டாராம்.

போன மாதம் அந்த நர்ஸிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, பிறந்த குழந்தைங்க வார்டுல உங்க கட்டப் பார்த்துட்டு எங்களுக்கும் வேணும்னு கேக்கறாங்க. ஆனா இது அவங்களுக்கு ரொம்பப் பெருசு. வந்து பாக்கறீங்களா?"

போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழந்தை, தலையில் பின்னிய குல்லாய். அதன் பாதத்திலிருந்து வந்த வயர் தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். அங்கே காற்றுக் குழாயும் மெல்லிசு. கவ்விக்கொள்ள இடமே இல்லை. அந்த வார்டு நர்ஸ் பெட்டியின் வட்டமான கதவு வழியாக ஒரு கையை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்தார். அந்தக் கையில் எந்த விரல்கள் சும்மா இருக்கின்றன, எவை குழந்தையைப் பிடித்திருக்கின்றன என்று நான் எண்ணிக்கொண்டேன். மோதிர விரலும் சுண்டு விரலும் சும்மா இருந்தன.

இரண்டு விரல். போதுமா தெரியவில்லை. நோட்டில் குழாயின் அளவைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து நடந்தே பாயின் கடைக்குப் போனேன். அவர் அளவைப் படித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இவ்வளவு சின்னதா? என் கிட்ட இருக்கற கட்டரே இதவிடப் பெருசு மேடம்" என்றார். பிறகு பென்சிலைத் தேட ஆரம்பித்தார்.